கோடை விடுமுறையின் கலகலப்பு வீட்டுத் தோட்டத்தில்தான்

அன்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, புத்தாண்டு விடுமுறைக்கு வீடு வந்து, நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

கோடை விடுமுறையில் ஒரு குடும்பத்துக்குக் கலகலப்பைக் கொண்டுவருவது ஊர் சுற்றும் பயணமா, வீட்டுத் தோட்டமா? இதுதான் நமக்குத் தந்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பயணத்துக்காக நன்றாகவே வாதாடினார். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தத்தைச் சொன்னார். பூக்கண்காட்சி, கார் ஓட்டம், குதிரை ஓட்டம், கிரகரி வாவியில் படகு என்று எல்லாவற்றையும் கண்முன் கொண்டுவந்தார். பதுளை ரயிலின் ஜன்னலோரத்தைச் சொன்னார், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "வருஷம் முழுக்க மண்ணோடும் செடியோடும் மாரடிக்கிற நம்ம சனத்தை, லீவு நாளிலயும் மம்பட்டியைத் தூக்கச் சொல்றது நியாயமா?" சபையில் கைதட்டல் அதிகம் விழுந்தது அதற்குத்தான்.

நான் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் எத்தனை பூவைப் பற்றிப் பேசினாலும் பயனில்லை.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த 19 ஏக்கரிலிருந்து மலைக்கு மலை தேயிலை ஏறியது நம்முடைய பாட்டன், பூட்டி முதுகில்தான். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலும் காடு வெட்டியது அவர்கள்தான். ஆனால் எந்தச் செடியை எங்கே நடலாம் என்று அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்றைக்கும் கேட்பதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். எந்த மலைக்குப் போவது, எந்த நிரையில் நிற்பது, எப்போது செடியைக் கவ்வாத்து வெட்டுவது, எப்போது முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறுவது, எல்லாம் வேறு யாரோ முடிவு செய்வது. மாலையில் தராசு. பல தேயிலைத் தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அங்கே செடியைத் தொடுகிற கை நம்முடையது, செடி நம்முடையதில்லை.

அதே அம்மா வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாசல் பாத்தியில் இறங்குகிற நேரத்தைப் பாருங்கள். போஞ்சியை எந்தப் பக்கம் போடுவது? அம்மா முடிவு செய்வார். லீக்ஸுக்கு இன்னொரு முறை மண் அணைப்பதா, விடுவதா? அம்மா முடிவு செய்வார். கோவா இன்னும் முற்றட்டும் என்று நினைத்தால் அது முற்றும் வரைக்கும் நிற்கும். யாரும் நிறுக்க மாட்டார்கள். யாரும் "ஏன் இன்னும் இந்த நிரை முடியல்ல?" என்று மேட்டிலிருந்து கத்த மாட்டார்கள். நண்பர் இரண்டையும் "மண்ணோடு மாரடிப்பது" என்று ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார். மலையில் குனிகிற முதுகும் வாசலில் குனிகிற முதுகும் ஒரே முதுகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையில் வாய் மூடியிருக்கும், வாசலில் வாய் மூடாது. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சவ்சவ் கொடி இல்லாத வீடு குறைவு. அதை நடுகிற விதத்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு ஆச்சரியம். விதையை எடுத்து நடுவதில்லை. ஒரு காய்க்கு ஒரே விதை, அதுவும் காய்க்குள்ளேயே முளைத்து, நுனியில் பச்சையாக நாக்கை நீட்டும். முழுக் காயையும் பாதி மண்ணில் புதைத்து விட்டால் போதும். அப்புறம் அது நம்மைக் கேட்காது. வேலியில் ஏறி, கொய்யா மரத்தில் ஏறி, கடைசியில் தகரக் கூரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோடை வெயிலில் தகரம் காய்கிற நேரம், அந்த இலைப் படுக்கை இருக்கிற பக்கத்துக் காம்பராவில் மட்டும் சூடு கொஞ்சம் குறைந்திருக்கும். பகல் முழுக்கக் கம்பெனிக்குக் கொழுந்து கிள்ளிய அம்மா, சாயங்காலம் இந்தக் கொடியின் இளங்கொழுந்தைக் கிள்ளுவார். அதே இரண்டு விரல், அதே வேகம். ஆனால் இது கூடைக்குப் போகாது, மடியில் விழும். கொஞ்சம் வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறுத்தெடுத்தால் இரவுச் சோற்றுக்கு அது போதும். கிள்ளும்போது அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலால் ஏதோ சொல்லுவார், அக்கா சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்ன சொன்னார் என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்லமாட்டார்கள்.

எதிரணி நண்பர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம்மில் இன்னும் எத்தனையோ குடும்பம் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில், இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன மகன், கண்டியில் படிக்கிற மகள், கட்டிக் கொடுத்த அக்கா, அவருடைய பிள்ளைகள், எல்லோரும் சித்திரைக்கு வந்து இறங்கினால் உள்ளே எங்கே உட்காருவது? உள்ளே படுக்கலாம், சமைக்கலாம். எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரிக்க உள்ளே இடமில்லை. அந்தக் குடும்பத்தின் வரவேற்பறை வாசலில் இருக்கிற பாத்தி ஓரம்தான். டேலியாச் செடிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு, மரத்தக்காளி நிழலில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஒருவர் போஞ்சி உரிப்பார், ஒருவர் களை பிடுங்குவார், ஒருவர் ஒன்றும் செய்யாமல் கதை மட்டும் சொல்லுவார். ஒன்றும் செய்யாதவருக்கும் அங்கே இடமுண்டு.

பயணத்தில் அப்படி எல்லோருக்கும் இடமிருக்கிறதா? வேன் பிடிக்கிறோம். ஆள் கணக்குப் பார்த்துக் காசு. "அம்மாயிக்கு முழங்கால் வலி, அவங்க வீட்டிலயே இருக்கட்டும்." "அக்கா மாசமா இருக்கா, வேணாம்." "மாட்டுக்குப் புல்லு யார் அறுக்கிறது? தாத்தா நிக்கட்டும்." வேன் புறப்படுகிற நேரம் பார்த்தால், இந்தக் குடும்பத்துக்கு அதிகமாக உழைத்தவர்கள்தான் வாசலில் நின்று கை அசைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுத் தோட்டம் யாரையும் விட்டுவிட்டுப் புறப்படுவதில்லை ஐயா. முழங்கால் வலிக்கிற அம்மாயிதான் அங்கே தலைவி. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இன்னொரு சாண் தள்ளி நடு" என்று கம்பை நீட்டிச் சொல்லுவார். அவர் சொல்வதைக் கேட்காமல் நட்டால் அது நிச்சயமாகச் சரியாக வராது. இது எங்கள் வீட்டில் பலமுறை கண்ட உண்மை.

இனி, சிரிப்பு. சிரிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்றால் ஒரு சிரிப்பையாவது கொண்டுவந்து சபையில் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கீழ்ப் பாத்தி முழுக்க உருளைக்கிழங்கு. கிழங்கு பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப் பன்றியும் முள்ளம்பன்றியும் வரும். பன்றி வந்து ஒரு இரவு மூக்கை விட்டால் மூன்று மாத உழைப்பு போய்விடும். அதனால் எங்கள் மாமா ஒரு ஏற்பாடு செய்தார். டின் மீன் பேணிகளைச் சேர்த்து, அடியில் துளை போட்டு, உள்ளே பேணிக்கொரு ஆணியைத் தொங்கவிட்டு, பாத்தியைச் சுற்றிக் கயிற்றில் கட்டினார். கயிற்றில் எது பட்டாலும் பேணி அடிக்கும், பன்றி ஓடிவிடும் என்பது கணக்கு. மாமா அதைக் கட்டுவதைப் பார்க்கவே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். புத்தாண்டுக்கு முந்திய இரவு, எல்லோரும் பலகாரம் சுட்டு முடித்துப் படுத்து, வீடு அடங்குகிற நேரம், "டம்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பேணி முழுக்கக் கலகலவென்று அடிக்கிறது. மாமா மம்பட்டியோடு பாய்ந்தார். அப்பா டோர்ச்சோடு. சித்தப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு. அம்மாயி முழங்கால் வலியை எங்கே வைத்தாரோ தெரியாது, விளக்குமாற்றோடு எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். அடுத்த வீட்டுக்காரர், அதற்கடுத்த வீட்டுக்காரர், நாய்கள், எல்லாம் வந்தாயிற்று. டோர்ச்சை அடித்துப் பார்த்தால் பன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. கூரையிலிருந்து விழுந்த முற்றின சவ்சவ் ஒன்று, தகரத்தில் மோதி, சரிவில் உருண்டு, கயிற்றில் வந்து சாய்ந்து கிடக்கிறது.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. முதலில் சிரித்தது அம்மாயி. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்த நடு இரவில் லயம் முழுக்க விழித்து, யாரோ தேத்தண்ணி வைத்து, சுட்ட பலகாரத்தை விடிவதற்கு முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டு, மாமாவைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தோம். மாமாவும் சேர்ந்துதான் சிரித்தார். காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், கடைசியில் இருக்கிற தொங்க லயத்திலிருந்து வந்தவர்கள்கூட "பன்றி புடிபட்டுச்சா?" என்று கேட்கிறார்கள். அந்தச் சவ்சவ்வை அடுத்த நாள் பாற்கறி வைத்தோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சவ்சவ் கறி என்றால் பிள்ளைகள் அதைப் பன்றிக்கறி என்றுதான் சொல்கிறார்கள்.

நடுவர் அவர்களே, இந்தச் சிரிப்பை எந்த ஊரில் டிக்கெட் வாங்கிப் பெறுவது? காசு கொடுத்துப் பார்த்த குதிரை ஓட்டத்தை அடுத்த வருஷம் மறந்துவிடுகிறோம். கயிற்றில் விழுந்த சவ்சவ்வை இரண்டு தலைமுறைக்குச் சொல்லுவோம். அது அந்த வீட்டில், அந்த ஆட்களோடு, அவர்கள் பயந்து காப்பாற்ற நினைத்த கிழங்கைச் சுற்றி நடந்தது. அதனால்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் அக்கா மகன் சின்னவன், மாசி மாதத்தில் சமையலறையிலிருந்து ஒரு பிடி மைசூர்ப் பருப்பை எடுத்துப் போய்ப் பாத்தியில் புதைத்துவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினான். உடைத்த பருப்பு முளைக்காது என்று அவனிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அம்மாயி ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அந்த இடத்தில் நாலு முள்ளங்கி விதையைப் போட்டுவிட்டார். சித்திரை லீவில் எல்லோரும் கூடி நிற்க, அவன் இலையைப் பிடித்து இழுத்தான். வெள்ளை வெளேரென்று முழு முள்ளங்கி. "பருப்பு பெருசாயிருச்சு!" என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்ததை வாவிப் படகில் ஏற்றினாலும் வரவழைக்க முடியாது.

ஏப்ரல் வசந்தத்துக்கு வருகிறேன். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. அது நம் மலையின் அழகு, வருகிறவர்கள் வரட்டும், பார்க்கட்டும். ஆனால் அந்த நாட்களில் நானு ஓயாவிலிருந்து நுவரெலியா வரைக்கும் வாகனம் எறும்பாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது, அங்கே அறை துடைப்பது யார், கோப்பை கழுவுவது யார், ரோட்டோரம் நின்று கரட்டும் ஸ்ட்ரோபரியும் விற்பது யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களின் விடுமுறைக்கு நாம் வேலை செய்கிறோம். நமக்கென்று கிடைக்கிற இரண்டு மூன்று நாளையும் அதே நெரிசலில் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?

ஹக்கலைப் பூங்காவையும் நண்பர் சொன்னார். நல்ல இடம். ஆனால் 1861இல் அது தொடங்கியது பூவுக்காக இல்லை, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்க. ரோசாவும் மற்றதும் பிறகு வந்து சேர்ந்தவை. நம் வாசலும் அப்படித்தான். முதலில் வயிற்றுக்கும் உடம்புக்கும் வேண்டியது: கறிவேப்பிலை, வல்லாரை, கற்பூரவள்ளி, துளசி, ஒரு பாத்தி லீக்ஸ். அப்புறம் மிஞ்சுகிற ஓரத்தில் டேலியா, செவ்வந்தி. கரட்டும் கோவாவும் லீக்ஸும் வெள்ளைக்காரர் தங்கள் சாப்பாட்டு மேசைக்காக இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர்கள். இன்றைக்கு அவை நம் இஸ்தோப்புக்கு முன்னால் நிற்கின்றன. ஹக்கலைக்குப் போய் டேலியாவைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். நம் வீட்டு டேலியாவுக்கு அந்த நாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிறவர் கேட்கலாம்: "கோடையில் பீலியே வற்றுகிறது, தோட்டம் எப்படி வாழும்?" கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். நம் மலைக்கு ஒரே கோடை இல்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தையிலிருந்து பங்குனி வரைக்கும் வெயில், வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் தென்மேல் மழை கொட்டத் தொடங்கும். அந்த மழையில் நாங்கள் நனையும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, ஹாலிஎல, பதுளையில் கச்சான் காற்று அடித்து மண் வெடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகமெல்லாம் பெயர் வாங்கிக் கொடுக்கிறது அதே காய்ந்த காற்றுத்தான். அதே காற்றுத்தான் வாசல் போஞ்சியையும் கருக்கும். அதனால் அங்கே சித்தி வீட்டுக்கு ஆவணி லீவில் போனால் கோடை, இங்கே எங்களுக்குச் சித்திரையில் கோடை. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தை, மாசியில் பகல் நல்ல வெயில், விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. பொழுது சாய்ந்ததும் பாத்திக்குப் படங்கைப் போர்த்தாவிட்டால் உருளைக்கிழங்கு இலை ஒரே இரவில் கருகிவிடும்.

இதையெல்லாம் நம் வீடுகளில் சமாளித்துத்தான் வந்திருக்கிறோம். அரிசி களைந்த தண்ணீர் கறிமிளகாய்க்கு. மரக்கறி கழுவிய தண்ணீர் லீக்ஸுக்கு. பிள்ளை குளித்த தண்ணீர்கூட, சவர்க்காரம் போடுவதற்கு முன்னால் ஊற்றினது, ஒரு வாளியில் பிடித்து வைத்தால் மரத்தக்காளிக்கு. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊற்ற வேண்டும், அல்லது நாலு மணிக்குப் பிறகு. அதையும் செடியின் தலையில் இல்லை, அடியில். பாத்தி மேல் மானாப் புல்லை வெட்டிப் பரப்பினால் ஈரம் நிற்கும். குடித்து முடித்த தேயிலைச் சக்கை, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, எதுவும் வீண் போகாது. இலையில் பூச்சி விழுந்தால் விடியற்காலைப் பனி ஈரத்தோடு சாம்பலைத் தூவுவார்கள். பட்டாணிக் கொடிக்கு ஏற கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறுக் குச்சி. இந்த வேலைகளில் தனியாகச் செய்கிற வேலை எது என்று சொல்லுங்கள். ஒருவர் வாளி கொடுக்க வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும். பீலியில் வரிசையில் நிற்கும்போது நாலு வீட்டுக் கதை வரும். கோடையில் தண்ணீர் குறைவு என்பதே நம்மை வெளியே கொண்டுவந்து ஒன்றாக நிறுத்துகிறது.

கொழும்பிலிருந்து வருகிற தம்பிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரணி கேட்டது, "அந்த மகன் பயணம் செய்யாமலா வீட்டுக்கு வந்தான்?" செய்துதான் வந்தான். புறக்கோட்டையில் கடை அடைத்து, இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். எங்கே வந்தான் என்பதைப் பாருங்கள். பையை இறக்கியதும் அம்மா அவனை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்? பாத்திக்கு. "இது நீ போன தடவை நட்ட கொடித்தோடை, பாரு எவ்வளவு பூ." "இந்த லீக்ஸ் உனக்குத்தான் புடுங்காம வச்சிருக்கேன்." எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தெரியாத அப்பாவும் அவன் பக்கத்தில் வந்து குனிந்து களை பிடுங்குவார். நேருக்கு நேர் உட்கார வைத்தால் அப்பாவும் மகனும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்கள். கை மண்ணில் இருந்தால் பேசுவார்கள். கடை முதலாளியைப் பற்றி, அறைக் கூலியைப் பற்றி, அவன் விரும்புகிற பிள்ளையைப் பற்றிக்கூட, கண்ணைப் பார்க்காமல் கரட் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவான். அப்பா கொஞ்ச நேரம் களை பிடுங்குவார். பிறகு, "அந்தப் புள்ளைக்குத் தோட்ட வேலை தெரியுமா?" என்று கேட்பார். அதோடு சம்மதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சமையலறையில் காது வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவின் சிரிப்பு வெளியே கேட்கும்.

2021ஐயும் 2022ஐயும் நாம் மறக்கவில்லை. முதலில் இரசாயன உரத்துக்குத் தடை, அடுத்த வருஷம் கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை. 2022 ஜூனில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் போய்ப் பயிர் செய்யுங்கள் என்றார்கள். நாடு அப்போது கண்டுபிடித்ததை நம் அம்மாமார் எந்தக் காலத்திலிருந்து செய்துவருகிறார்கள்! அந்தக் கோடையில் யாரும் எங்கேயும் போகவில்லை. போக முடியவில்லை. பாணும் சம்பலும் எட்டாத வீட்டில் வத்தாளங்கிழங்கு அவித்தோம், சவ்சவ் அவித்தோம். ஒரு வீட்டில் கோவா மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குப் போனது, அங்கிருந்து ஒரு கட்டுக் கீரை திரும்பி வந்தது. கஷ்டமான காலம்தான், அழுத நாளும் உண்டு. ஆனால் வேலிக்கு மேலால் கை மாறிய அந்தக் கோவாவோடு ஒரு பேச்சும் ஒரு சிரிப்பும் சேர்ந்துதான் மாறியது. பயணம் நின்றுபோன காலத்திலும் நிற்காத கலகலப்பு அது. இதைவிடப் பெரிய சாட்சி எங்கள் அணிக்கு வேண்டுமா?

"எல்லோருக்கும் வாசல் இருக்கிறதா?" என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான குரல். எல்லோருக்கும் இல்லை. லயத்தில் நடுக் காம்பராக்காரருக்கு நாலு அடி வாசல்கூடக் கிடைக்காது. அவர்கள் சீமெந்துப் பையில் மண் நிரப்பி மிளகாய் வைக்கிறார்கள். மீன் வந்த ரெஜிபோம் பெட்டியில் கொத்தமல்லியும் வெங்காயத் தாளும் வளர்க்கிறார்கள். கூரை விளிம்பில் பழைய பெயின்ட் வாளியைத் தொங்கவிட்டு அதில் பூ வளர்க்கிறார்கள். இடம் கொடுக்காத இடத்திலும் செடி வைத்துப் பார்க்கிற மனிதர்கள் நாம். தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி என்றார்கள். 160 பேர்ச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்த ஏழில் வீட்டுக்கு, வழிக்கு, கழிவறைக்கு என்று போக மிஞ்சுகிற துண்டில் நம் பெண்கள் என்னவெல்லாம் விளைய வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள் ஐயா. டேலியா ஒரு பக்கம், பேரிக்கன்று ஒரு பக்கம், நடுவில் நடக்கக் கால் வைக்க இடமிருக்காது.

ஆனால் அந்தத் துண்டு மண்ணும் நம்மில் பலருக்கு இன்னும் சொந்தமில்லை. பாத்தி கட்டுவது நாம், உரம் போடுவது நாம், பன்றிக்குக் காவல் இருப்பது நாம். நாளைக்கு யாராவது வந்து "இது தோட்டத்துக் காணி, எடுங்கள்" என்றால் காட்டுவதற்கு நம் கையில் ஒரு தாளும் இல்லாத வீடுகள் இந்தச் சபையிலேயே எத்தனை! பயணத்தின் பக்கம் நிற்கிற நண்பர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை. போன இடத்திலிருந்து மாலையில் திரும்பி வந்துவிடுவார்கள். எங்கள் அணிக்கு இது தேவை. நம் குடும்பங்கள் சிரிக்கிற இடம் இந்த மண்தான் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தருவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வாசலுக்கும் பாத்திக்கும், அங்கே குனிந்து நிற்கிற அம்மாவின் பெயரில் காணி உறுதி எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து, இந்த மேடையிலிருந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். கோயில் கமிட்டி ஐயாமாரும் தோட்டத் தலைவர்மாரும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.